கியூ வீதியின் தோட்டக்காரர்

கொம்பனித்தெரு சிவசுப்பிரமணிய சுவாமி கோவில் நிற்பது கியூ வீதியில். 2022 இல் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், வெள்ளைக்காரன் பொருத்தமான பெயரைத்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று பகிடி விட்ட முச்சக்கரவண்டிக்காரர்களை எனக்குத் தெரியும். அந்தக் கியூ வேறு, இந்தக் கியூ வேறு. இலண்டனுக்கு மேற்கே தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் கியூ தாவரவியல் பூங்காவின் பெயர் இது. புலம்பெயர்ந்து போன எங்கள் சனங்களில் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் பிடித்து அனுப்புகிற அதே கியூ.

அந்தப் பெயர் கொம்பனித்தெருவுக்கு வந்த காரணம் ஒரு தோட்டம். 1810 இல் பிரித்தானியர் இலங்கைக்கான அரச தாவரவியல் தோட்டத்தை இங்கேதான் திறந்தார்கள். இன்று பேராதனையில் உள்ள பூங்காவின் மூதாதை அது. 1812 இல் அதற்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர் வில்லியம் கெர். 1814 இல் இலங்கையிலேயே இறந்துபோனார். தோட்டக்கலை தெரிந்தவர்கள் நடுவே உலகம் முழுவதும் அறியப்பட்ட பெயர். ஆனால் அவர் கடைசியாக வேலை பார்த்த கொம்பனித்தெருவில் அவரை நினைப்பார் இல்லை. வன்னியிலிருந்து 2010 இல் வேலை தேடிக் கொழும்புக்கு வந்து, இந்தப் பகுதியில் ஓர் அறையில் சில ஆண்டுகள் இருந்த எனக்கும் இந்த மனிதரைப் பற்றி மெல்ல மெல்லத்தான் தெரிய வந்தது.

கெர் ஸ்கொட்லாந்தின் தெற்கு எல்லையோரத்தில் உள்ள ஹோயிக் என்ற ஊரைச் சேர்ந்தவர். பெரிய குடும்பத்தில் பிறந்தவரல்ல, பல்கலைக்கழகப் படிப்பும் இல்லை. கியூ பூங்காவில் மண்வெட்டி பிடித்த தோட்டத் தொழிலாளி. அவரைத் தெரிந்தெடுத்தவர் சேர் ஜோசப் பாங்ஸ். கப்டன் குக்கின் முதலாவது உலகப் பயணத்தில் கூடப் போனவர், றோயல் சொசைட்டியின் தலைவர், மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்காகக் கியூ பூங்காவை நடத்தியவர். அந்த வேலைக்குப் பாங்ஸ் சம்பளம் வாங்கவில்லை. நிலபுலம் நிறைய இருந்த மனிதர், அதனால் அவருக்கு அது முடிந்தது. இன்று நாங்கள் தன்னார்வப் பணி என்று சொல்வதை அன்று செய்தவர்களில் மிகப் பெரிய ஆள் அவர்தான். கெர் அப்படியல்ல. ஆண்டுக்கு 100 பவுண் சம்பளத்துக்கு உலகத்தின் மறுகோடிக்குப் போனவர். இந்த வித்தியாசம் கெரின் வாழ்க்கை முழுவதும் தொடர்கிறது.

1803 இல் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலில் கெர் சீனாவுக்குப் புறப்பட்டார். கியூ பூங்கா சீனாவில் தங்கியிருந்து செடி சேகரிக்க அனுப்பிய முதல் ஆள் அவர். போய் இறங்கிய இடம் கன்டன், இன்றைய குவாங்சோ. வெளிநாட்டவர் நகருக்குள் நுழைய முடியாது. ஆற்றங்கரையில் வணிகர்களுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு துண்டு நிலத்துக்குள்தான் நடமாட்டம். வணிகப் பருவம் முடிந்தால் அங்கும் இருக்க முடியாது, மக்காவோவுக்குப் போய்விட வேண்டும். பாஸ் வாங்கிப் போய்ப் பாஸ் முடியுமுன் திரும்பி வந்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மலைகளிலும் காடுகளிலும் செடி தேட வந்தவர், அனுமதி கிடைத்த நாட்களில் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சீன நாற்றுத் தோட்டங்களுக்குப் போய்வரத்தான் முடிந்தது. ஆகவே அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பியவற்றில் பெரும்பகுதி காட்டுச் செடிகள் அல்ல. சீனத் தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தெடுத்த செடிகள். கண்டுபிடித்தவர் என்று வரலாற்றில் கெரின் பெயர் இருக்கிறது, வளர்த்தவர்களின் பெயர்கள் இல்லை.

செடிகளைச் சேர்த்ததைவிட அனுப்பியதுதான் பெரும்பாடு. அப்போது செடி அனுப்புவதற்கான கண்ணாடிப் பெட்டி வந்திருக்கவில்லை, அது 1830களில் வந்தது. மண் நிரப்பிய மரப்பெட்டிகளில் கன்றுகளை நட்டுக் கப்பலின் மேல்தளத்தில் வைப்பார்கள். கன்டனிலிருந்து இலண்டனுக்கு ஐந்தாறு மாதம். கடலின் உப்புத்துளி இலையில் படும், வெயில் சுடும், எலி கடிக்கும். குடிதண்ணீர் குறைந்தால் மாலுமிகளுக்கா செடிகளுக்கா என்ற கேள்வியில் செடிகள்தான் தோற்கும். மக்காவோவில் இருந்த ஜோன் லிவிங்ஸ்டன் என்ற மருத்துவர் 1819 இல் போட்ட கணக்கின்படி, சீனாவிலிருந்து புறப்பட்ட 1000 செடிகளில் ஒன்றுதான் இங்கிலாந்தில் உயிரோடு இறங்கியது.

அந்த ஒன்றையும் உயிரோடு சேர்த்தவர்கள் யார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கப்பல் கப்டன்மார், கம்பனியின் எழுதுவினைஞர்கள், கப்பல் வைத்தியர்கள். இவர்களுக்கு இது வேலையல்ல, சம்பளமும் இல்லை. பாங்ஸ் கடிதம் எழுதிக் கேட்டார், செய்தார்கள். சிலருக்குச் செடியில் ஆசை, சிலருக்கு மன்னரின் தோட்டத்துக்கு உதவினோம் என்ற பெருமை. பாதித் தண்ணீரைத் தாங்கள் குடித்து மீதியைக் கன்றுக்கு ஊற்றியவர்களும் இருந்திருப்பார்கள், பெட்டியைக் கடலில் தள்ளிவிட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஒருமுறை கெர் தானே பழக்கிய ஒரு சீன இளைஞரைச் செடிகளுக்குக் காவலாகக் கப்பலேற்றிக் கியூவுக்கு அனுப்பினார். ஆள் கூடப் போனால் செடி பிழைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சீனாவில் எட்டு ஆண்டுகள். அதற்குள் கியூவுக்கு 200க்கு மேற்பட்ட புதிய செடிவகைகள் அவரால் போய்ச் சேர்ந்தன. செம்மஞ்சள் இதழில் கறுப்புப் புள்ளி விழுந்த புலி லில்லி 1804 இல் போனது. பாங்ஸின் மனைவியின் பெயரை வைத்த வெள்ளைக் கொடிரோசா 1807 இல் போனது. நந்தினா என்ற சிவப்புப் பழச்செடி போனது. மஞ்சள் பொத்தான் போல அடுக்கிதழ்ப் பூப் பூக்கும் ஒரு புதர்ச்செடியும் போனது. கெர் இறந்து நான்கு ஆண்டுகளின் பின், 1818 இல், சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் டி கண்டோல் அந்தப் புதருக்குக் கெரியா என்று பெயரிட்டார். வாழ்ந்த காலத்தில் அந்த மரியாதை அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்தச் செடிகளில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. அடுக்கிதழ்க் கெரியா விதை தராது. புலி லில்லியும் பெரும்பாலும் விதை தருவதில்லை, இலைக்கணுவில் வரும் கறுத்த சிறு குமிழ்களை எடுத்து நடவேண்டும். அடுக்கு வெள்ளைக் கொடிரோசாவைத் தடி வெட்டித்தான் பதிக்க வேண்டும். அதாவது ஒருவர் வெட்டிக் கொடுத்து மற்றவர் நட்டால்தான் இவை உலகத்தில் இருக்கும். எங்களுடைய முருங்கைத் தடி மாதிரி, செவ்வரத்தை மாதிரி, கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று மாதிரி. வேலிக்கு மேலால் அயல்வீட்டு அக்காவிடம் ஒரு தடி கேட்டு வாங்குகிற வழக்கம் இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துப் பூந்தோட்டங்கள் பாதி இருந்திருக்காது. கியூவில் புலி லில்லியைப் பெருக்கி 1812க்குள் 10,000க்கு மேற்பட்ட கிழங்குகளைப் பகிர்ந்து கொடுத்தார்கள். அவை பிரபுக்களின் தோட்டத்திலிருந்து பாதிரிமாரின் வளவுக்கும் அங்கிருந்து கூலிக்காரரின் குடிசை முற்றத்துக்கும் போயின.

அப்படிப் போனது நல்லதாய்ப் போயிற்று. 1820 இல் பாங்ஸும் மன்னரும் ஒரே ஆண்டில் இறந்தார்கள். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கியூ பூங்கா கவனிப்பார் இன்றிச் சீரழிந்தது. மூடிவிடலாமா என்ற பேச்சுக்கூட எழுந்தது. 1841 இல் வில்லியம் ஹூக்கர் பொறுப்பெடுத்த பிறகுதான் நிமிர்ந்தது. ஆனால் கெரின் செடிகள் அதற்குள் ஊரெங்கும் பரவியிருந்தன, கியூ விழுந்தாலும் அவை விழவில்லை. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் டூம்ஸ்டோன் என்ற சுரங்க நகரத்தில் கெர் அனுப்பிய வகையான வெள்ளைக் கொடிரோசா ஒன்று நிற்கிறது. ஸ்கொட்லாந்திலிருந்து மணமுடித்துப் போன பெண் ஒருத்திக்கு ஊரிலிருந்து வந்த பதியத் தடி, 1885 இல் நட்டது. பந்தல் போட்டுப் போட்டு அது உலகத்திலேயே பெரிய ரோசாச் செடி என்று பெயர் வாங்கிவிட்டது.

கெரின் கதைக்கு வருகிறேன். கன்டனில் அவர் நிலைமை நல்லதாக இருக்கவில்லை. 100 பவுண் சம்பளத்தில், பெரும் பணம் புரளும் வணிகர்கள் நடுவே, வேலைக்காரனிலும் சேராமல் கனவானிலும் சேராமல் எட்டு ஆண்டு இருந்தார். அபின் பழக்கத்தில் விழுந்து வேலையைக் கெடுத்துக்கொண்டார் என்று பிற்காலத்தில் எழுதினார்கள். அப்படியும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த அபினை சீனாவில் கொண்டுபோய்க் குவித்த வணிகத்துக்குப் பின்னால் நின்றது அவரை ஏற்றிப்போன அதே கம்பனிதான். அந்தத் தொழிலில் பணம் சேர்த்தவர்களின் ஒழுக்கத்தைப் பற்றி எழுதக் காணோம், ஒரு தோட்டக்காரனின் ஒழுக்கம் மட்டும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

1812 இல் அவருக்கு இலங்கை நியமனம் வந்தது. அந்தக் கொம்பனித்தெருவை இன்றைய கண்ணால் பார்க்கக்கூடாது. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனியிலிருந்து வந்த பெயர் அது. ஆங்கிலத்தில் அடிமைத் தீவு. ஒல்லாந்தர் தங்கள் ஆபிரிக்க அடிமைகளை இரவில் கொண்டுபோய் அடைத்து வைத்த இடம். சுற்றிவர பேரே வாவி, தப்பி நீந்தாதபடிக்கு அதில் முதலைகள் இருந்ததாகச் சொல்வார்கள். பின்னர் மலாய்ப் படையினர் குடியிருந்தார்கள், அவர்களின் பள்ளிவாசல் வேகந்தையில் இன்றும் இருக்கிறது. அந்த ஈரநிலத்தில்தான் பாங்ஸின் யோசனைப்படி கியூவின் பிள்ளைத் தோட்டம்.

இடம் சரியில்லை. வாவியோரத் தாழ்நிலம், மழை பெய்தால் வெள்ளம் ஏறியது. கன்றுகளின் வேர் அழுகியது. 1813 இல் தோட்டத்தைக் களுத்துறைக்குப் பக்கத்தில் உகல்பொட என்ற இடத்தில் கைவிடப்பட்ட கரும்புத் தோட்டமொன்றுக்கு மாற்றத் தொடங்கினார்கள். வேரோடு கிளப்பி, மண் கட்டி, வண்டியிலும் வள்ளத்திலும் ஏற்றிக்கொண்டு போவது. கன்டனில் வாழ்நாளின் பெரும் பங்கைச் செடிகளை இடம்பெயர்ப்பதில் கழித்தவருக்கு இங்கும் அதே வேலைதான் வாய்த்தது. அடுத்த ஆண்டு இறந்துபோனார். சேகரிப்பு முழுதாக வேர்விடுவதைப் பார்க்கவில்லை.

அவருக்குப் பின் 1817 இல் வந்தவர் அலெக்சாண்டர் மூன். இதற்கிடையில் 1815 இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போய்விட்டது. 1821 இல் மூன் தோட்டத்தை மறுபடி கிளப்பி மகாவலி வளைந்தோடும் பேராதனைக்குக் கொண்டுபோனார். அந்த நிலம் வெறும் காடல்ல. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் முதலான கண்டி அரசர்களின் பூங்காவனமாக இருந்தது. அந்த அரசர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வம்சத்தார். கடைசி மன்னனான கண்ணுச்சாமியை வேலூருக்கு நாடுகடத்திவிட்டு, பூங்காவனத்தில் கோப்பிக் கன்று நட்டார்கள். 1824 இல் மூன் இலங்கைத் தாவரங்களின் பட்டியலொன்றை வெளியிட்டார், மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் கதையும்தான். பேராதனையைச் சுற்றிக் கோப்பி பரவியது. கோப்பிக்குக் கூலிகள் வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து சனங்களைக் கொண்டுவந்தார்கள். மன்னாரில் இறங்கி வன்னிக் காட்டுக்கூடாக மாத்தளைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே மடிந்தார்கள். 1839 இல் அசாம் தேயிலை விதை பேராதனைக்கு வந்தது. 1876 இல் றப்பர்க் கன்றுகள் கியூவிலிருந்து கம்பஹா ஹெனரத்கொடத் தோட்டத்துக்கு வந்தன. எனவே கெரையோ மூனையோ புனிதர் ஆக்கிக் கும்பிட எனக்கு விருப்பமில்லை. தாவரவியல் தோட்டம் என்பது அன்றைக்குப் பேரரசின் பணப்பெட்டிக்குத் திறப்பு. அதே தோட்டத்தில் எங்கள் மரங்களின் பெயர்களும் பத்திரப்பட்டன என்பதையும் மறைக்க முடியாது. 1880 முதல் பேராதனையில் பணியாற்றிய ஹென்றி டிரைமன், 1893 இல் வெளிவரத் தொடங்கிய இலங்கைத் தாவரநூலில் இலத்தீன் பெயருக்குப் பக்கத்தில் சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்துப் பதித்தார். பாலை, வீரை, முதிரை எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தப் பெயர்களை அவருக்குச் சொல்லக் காடு தெரிந்த தமிழர் யாராவது இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கும் சம்பளம் இருந்திருக்காது.

இன்று இலண்டன் கியூவில் நூற்றுக்கணக்கான தொண்டர்கள் இருக்கிறார்கள். வழிகாட்டுகிறார்கள், களை பிடுங்குகிறார்கள், உலர்த்திய செடித்தாள்களைப் பதிவு செய்கிறார்கள். பிரித்தானியாவில் 1978 இல் தொடங்கிய ஒரு தொண்டர் அமைப்பு, ஒவ்வொரு செடியினத்தையும் பொறுப்பெடுத்துத் தன் வளவிலேயே பேணுகிற ஆட்களை நாடு முழுவதும் வைத்திருக்கிறது. சாதாரண வீட்டுக்காரரும் அதில் உண்டு. எங்கள் நாட்டில் 1975 இல் உருவான ருக் ரக்ககன்னோ என்ற மர நேயர் சங்கம், தம்புள்ளையில் சாம் பொப்ஹம் என்ற முன்னாள் தோட்டத்துரை உருவாக்கிய உலர்வலய மரச்சோலையைப் பேண முன்வந்தது. அங்கே பொப்ஹம் செய்தது எளிய வேலை. சேனை வெட்டிக் கைவிட்ட நிலத்தில் பற்றையை மட்டும் நீக்கிவிட்டு, தானாக முளைத்த மரக்கன்றுகளை வளரவிட்டார். உலர்வலயம் என்றால் வன்னியும் அதுதான், மரங்களும் பெரும்பாலும் அதே மரங்கள்.

பேராதனை, ஹக்கல, ஹெனரத்கொட, அவிசாவளை, அம்பாந்தோட்டை என்று அரச தாவரவியல் பூங்காக்களை எண்ணிப் பாருங்கள். இவற்றில் ஒன்றும் வடக்கிலோ கிழக்கிலோ இல்லை. எங்களுடைய சேகரிப்பு எப்போதும் வீட்டு வளவும் கோவில் தல விருட்சமும்தான். அந்த வளவுகளை ஷெல் உழுதது. பதுங்குகுழிக்கு மேல் அடுக்கப் பனையைத் தறித்தோம், தறித்தார்கள். திரும்பி வந்தபோது காட்டோரத்தில் மிதிவெடிப் பலகை. முள்வேலி முகாமில் வளர்ந்த பிள்ளை பாலையையும் வீரையையும் பிரித்தறியாது, அதில் பிள்ளையின் குற்றம் எதுவுமில்லை.

நானும் என் ஊரவர் சிலருமாகப் பதினொரு பேர் சில ஆண்டுகளாக ஒரு சின்ன வேலை செய்கிறோம். போயா விடுமுறையில் ஊருக்குப் போய், காடு தெரிந்த மூத்தவர்களிடம் மரப் பெயர் கேட்டு எழுதுகிறோம், டிரைமனின் பெயர்களோடு ஒப்பிடுகிறோம். விதை பொறுக்கிக் கன்று வளர்க்கிறோம். ஒரு நிறுவனம் பெயர்ப்பலகைக்குக் காசு தருவதாகச் சொன்னது. மரத்தின் பெயரைவிடத் தன் பெயர் பெரிதாக இருக்கவேண்டும் என்று கேட்டபடியால் நாங்கள் தகரத்தில் நாங்களே எழுதினோம்.

கெரின் கதை தெரிந்த பிறகு இரண்டு விடயங்களை மாற்றினோம். முதலாவது, எந்த இனத்தையும் ஒரே வளவில் வைப்பதில்லை. முதிரை என்றால் மூன்று வீட்டில், முடிந்தால் மூன்று கிராமத்தில். ஒரு வளவில் வெள்ளம் வரலாம், காணி வழக்கு வரலாம், வீட்டுக்காரர் கனடாவுக்குப் போய்விடலாம். இரண்டாவது, எங்களோடு காட்டோரத்துக்கு வருகிற ஓர் ஐயாவும் தண்ணீர் ஊற்றுகிற இரண்டு பெண்களும் அன்றாடங்காய்ச்சிகள். முன்பு அவர்களும் எங்களைப் போலச் சும்மா வந்தார்கள். மாதச் சம்பளம் எடுக்கிற நாங்கள் தொண்டு செய்யலாம். நாட்கூலியை விட்டுவிட்டு வருகிறவரிடம் தொண்டு கேட்பது சரியில்லை. இப்போது நாங்கள் எல்லாரும் காசு போட்டு அவர்களுக்கு நாட்கூலியும் பஸ் காசும் கொடுக்கிறோம். இதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. காசு கொடுத்தால் அது தொண்டு இல்லை என்று இருவர் இன்னும் சொல்கிறார்கள்.

முதிரை கிடுகிடுவென்று எழும்பிவிட்டது. பாலைதான் சோதிக்கிறது. முதலில் போட்ட விதைகளில் முளைத்தவை ஒன்பது. அவற்றில் ஆடு கடித்தது போக ஆறு நிற்கின்றன. நாலாம் வருசம் நடக்கிறது, இன்னும் முழங்கால் உயரம் தாண்டவில்லை. பழம் தின்ன நாங்கள் இருக்கமாட்டோம் என்று ஐயா சொல்லிச் சொல்லியே தண்ணீர் ஊற்றுகிறார்.